எந்தச் சொல்லின் தலையில்

கியும்ரியில் பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
சாக்கட்டியைக் கையுறையோடு பிடித்தால் எழுத்து வழுக்குகிறது,
கழற்றினால் விரல் மரத்துப்போகிறது.
ஒரு கைக்கு மட்டும் உறை மாட்டிக்கொண்டு
மூன்றாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்துகிறேன்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.
நடுக்குளிரில் விழித்துக்கொண்ட கரடி
தொலைந்த உறக்கத்தைத் தேடிக் காடெல்லாம் அலைகிறது.
எதிர்ப்பட்டவரிடமெல்லாம் ஒரே கேள்வி.
மெத்தை விளம்பரத்தில்கூட அந்தக் கரடி வந்தாயிற்று.
ஆகவே முடிவைப் பற்றி யாருக்கும் பதற்றமில்லை,
குறிகளைப் பற்றிப் பேச நேரமிருக்கிறது.

ஆர்மீனிய மொழியில் கேள்விக்குறி
வாக்கியத்தின் வாலில் தொங்குவதில்லை.
எந்தச் சொல்லைக் கேட்கிறோமோ
அதன் தலையில் ஏறி உட்காரும்,
முழுதாய் மூடாத ஒரு சின்ன வளையம்.

கரும்பலகையில் கரடியின் வாக்கியத்தைக்
குறியில்லாமல் எழுதிவிட்டுத் தள்ளி நின்றேன்.

நுபார் ஓடிவந்து முதல் சொல்லில் வைத்தான்.
நீயா என் உறக்கத்தைத் திருடினாய்?
அணில் நடுங்கியது.
(அணில் வேஷம் சத்தெனிக்குக்கு.
நடிக்கச் சொல்லவே வேண்டாம்,
அவள் மேசை ஜன்னலோரம்.)

மெலானியா அதை அழித்து நகர்த்தினாள்.
நீ என் உறக்கத்தையா திருடினாய்?
அணிலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.
கொட்டையென்றால் சரி, தேனென்றாலும் சரி,
உறக்கத்தைப் போய் யாராவது?

கடைசிச் சொல்லுக்கு அது போனபோது
கரடியே சற்று இறங்கிவந்த மாதிரி இருந்தது.
திருடினாயா, இல்லை நான்தான்
எங்கேயாவது போட்டுவிட்டேனா
என்று கேட்டுவிடும்போல.

மீதி ஒரே சொல். யாரும் தொடவில்லை.
அர்த்தவாஸ்த் எழுந்து வந்தான்.
வாரத்துக்கு இரண்டு முறை பேசினால் அதிகம்.
எக்கி நின்று, 'என்' மேல் வைத்தான்.
காட்டில் இத்தனை பேர் உறங்க,
என்னுடையதையா?

வகுப்பு சிரித்தது.
எனக்குச் சிரிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

முற்றுப்புள்ளி என்றால் எங்களுக்கு இரண்டு புள்ளி,
ஒன்றன்மேல் ஒன்று.
ஒற்றைப் புள்ளி வைத்தால்
மூச்சு வாங்கிக்கொள், இன்னும் இருக்கிறது என்று பொருள்.
இரவு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன்.
அர்த்தவாஸ்த் எழுதியிருந்தான்:
கரடி குகைக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டது.
ஒரே புள்ளி.
சிவப்புப் பேனாவால் இரண்டாவதை வைத்தேன்.
கரடி தூங்கியாக வேண்டும், பாடத்திட்டம் அப்படி.

அப்போதுதான் கிராஸ்நோயார்ஸ்கிலிருந்து மிஹ்ரானின் செய்தி.
சுவர் பூச்சு வேலை, மூன்றாவது குளிர்காலம்.
அவன் போனில் ரஷ்ய எழுத்துதான்.
எங்கள் மொழியை அதற்குள் திணித்து அனுப்புவான்,
கேள்விக்குறி அவர்கள் வழக்கப்படி கடைசியில் வரும்.

நீ இன்னும் விழித்திருக்கிறாய்?

நான்கு மாதமாகப் பிள்ளைகளுக்கு இதைத்தான் நடத்துகிறேன்.
நீயா. இன்னுமா. விழித்திருக்கிறாயா.
வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.
'இன்னுமா'வில் கொஞ்சம் கரிசனம் கேட்டது.
'நீயா'வை இரண்டாம் முறை படிக்கவில்லை.
இங்கே பன்னிரண்டு என்றால் அங்கே மூன்று.
அப்படியானால் அவனும்.

விழித்திருக்கிறேன் என்று தட்டினேன்.
ஒற்றைப் புள்ளி.
அவனுக்கு அது புரியுமா, தெரியாது.
பள்ளியில் என் பின் வரிசையில் உட்கார்ந்து
என் நோட்டைப் பார்த்துத்தான் குறிகள் வைப்பான்.

காலையில் அர்த்தவாஸ்த்தைக் கேட்டேன்,
ஏன் ஒரு புள்ளியோடு விட்டாய் என்று.
"இங்க் உறைஞ்சுபோச்சு, டீச்சர்."
அப்படியும் இருக்கலாம்.
பேனாவை வாங்கி
கணப்பின் மேல் வைத்தேன்.